வலது இமைத் தழும்பின் வரலாறு

நம் பள்ளி வகுப்பார் ஒன்றுகூடும் இடங்களில் என் வலது கண்ணை நீங்கள் எவரும் நேராகப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் உடனே பார்வையைத் தாழ்த்திக்கொள்கிறீர்கள். அந்த இமை சற்றுச் சரிந்திருப்பதும், புருவத்தின் கீழே மூக்கை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு ஓடுவதும் உண்மை. அந்தக் கண்ணின் பார்வை போய்விடும் நிலைக்கு ஒருமுறை வந்து, போகாமல் நின்றது என்பதும் உண்மை. அது எப்படி வந்தது என்று உங்களிடையே உலவும் செய்தி மட்டும் உண்மையன்று.

வீட்டு விடயங்களை வெளியே விரித்துப் பழகியவள் அல்லேன். என்னை அறிந்தவர்கள் அதை அறிவார்கள். ஐயா என்று நான் அழைத்த என் தந்தையார் ஒரு கல்லூரியின் உப அதிபராகவும், எங்கள் ஊர் அம்மன் கோயில் பரிபாலன சபைத் தலைவராகவும் இருந்தவர். உங்களுள் பலருடைய தமையன்மாருக்குக் கணிதம் கற்பித்தவர். குண்டுவீச்சுக்குப் பதுங்கப் பங்கருக்குள் இறங்கும்போதும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டுடன் இறங்கியவர். அவரைப் பற்றி எழுதுகையில் மரியாதை குறையாமல் எழுதுவேன். ஆனால் ஒன்றையும் மறைக்காமல் எழுதுவேன்.

தொண்ணூறாம் ஆண்டின் சோளகக் காற்று வீசும் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். இராணுவம் இருந்த கோட்டையைச் சுற்றிச் சண்டை மூண்டிருந்தது. பாடசாலை இல்லை, மின்சாரம் இல்லை. கடைகளில் சவர்க்காரம் கிடையாது. சாம்பலைத் தொட்டுக் கை கழுவினோம். அந்தச் சாம்பல் நகக்கண்ணில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு, எத்தனை தடவை தண்ணீர் வார்த்தாலும் போகாது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஊர் முழுவதும் ஒரு பெரிய விளக்குத் திரி புகைவதைப் போன்ற மணம். காங்கேசன்துறைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த சனம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நிரம்பியிருந்தது. அவர்களிடையே கொப்புளிப்பான் பரவியது. அந்நோயை அம்மாளின் வருகை என்று நம்மவர் கொள்வதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அப்போது என் வலது மேலிமையின் ஓரத்தில், மூக்குப் பக்கமாக, ஒரு கண்கட்டி வந்தது. நெல்மணியளவு இருக்கும். ஐயாவின் மூத்த அக்கா, கணவரை இழந்தபின் எங்களோடு வாழ்ந்துவந்த மாமி, சுட்டுவிரலை உள்ளங்கையில் சூடேறத் தேய்த்து அதன்மேல் ஒற்றினார். அந்த வைத்தியத்தில் ஒரு தீங்கும் இல்லை. அதோடு விட்டிருந்தால் கட்டி தானாக உடைந்து ஆறியிருக்கும்.

ஒரு மத்தியானம் பொம்மர் வந்தது. எங்கள் வளவின் பங்கர் மாமரத்துக்கும் கிணற்றுக்கும் இடையில் வெட்டப்பட்டிருந்தது. மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூட்டை. உள்ளே ஈரமண்ணும் அறுபட்ட வேரும் மணத்தன. விமானம் வட்டமிடும் நேரத்தில் பெரியவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. மாமி என் தலையை இழுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்லா முத்திப் போச்சுது. பிதுக்கிவிட்டா இப்பவே சுகம்."

"மச்சாள், கையெல்லாம் மண். விடுங்கோ, வீட்டை போய்ப் பாப்பம்" என்றார் அம்மா.

"நான் எத்தினை பேருக்குக் கட்டி எடுத்தவள்? நீர் பேசாமல் இரும்."

அவருடைய இரண்டு பெருவிரல் நகங்களும் என் இமையில் பதிந்த அதே வேளையில் குண்டு விழுந்தது. பூமி எங்களை மேலே எறிந்து திரும்பப் பிடித்தது. பனங்குற்றிகளின் இடுக்கால் மண் கொட்டியது. நகங்கள் இமைத் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயின. நான் அலறினேன். எல்லோரும் அலறிக்கொண்டிருந்தபடியால் என் அலறல் தனியாகக் கேட்டிருக்காது. புழுதி அடங்கும்முன் மாமியின் குரல்தான் முதலில் எழுந்தது.

"பாத்தியளோ! முளை வந்திட்டுது!"

வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுத் தபாலதிபரின் கூரை ஓடு ஓடாக எங்கள் கிணற்றடியில் கிடந்தது. அவருடைய பசு வேலியோரம் நின்றது. வயிறு கிழிந்து குடல் காலைச் சுற்றியிருந்தது. அது இன்னும் அசைபோட்டுக்கொண்டிருந்தது. தபாலதிபரின் மனைவியை ஓட்டுக் குவியலுக்குள்ளிருந்து ஒரு கையாகத்தான் முதலில் கண்டார்கள். இமையிலிருந்து வழிந்த இரத்தத்தை நான் பாவாடையால் ஒற்றிக்கொண்டு நின்றேன். அந்த நாளில் ஒரு பிள்ளையின் கண்கட்டியைப் பற்றி யார் விசாரிப்பார்கள்?

மறுநாள் இமை வீங்கிச் சிவந்தது. அதற்கடுத்த நாள் ஜம்புப்பழம் போலப் பளபளத்து முற்றாக மூடிக்கொண்டது. காய்ச்சல் நெருப்பாகக் காய்ந்தது. பிதுக்கிய இடத்தைச் சுற்றிச் சிறு கொப்புளங்கள் எழும்பியிருந்தன. மாமி குனிந்து அவற்றைப் பார்த்தார். பின்வாங்கிக் கைகூப்பினார்.

"அம்மாள் கண்ணிலை இறங்கியிருக்கிறா."

அந்தச் சொல்லோடு வீடு மாறியது. வேலி வாசல் படலையில் வேப்பங்குழை செருகப்பட்டது. குசினியில் தாளிப்பு நின்றது. கோடியறையில் வெள்ளைத் துணி விரித்து என்னைக் கிடத்தினார்கள். அம்மாள் வந்த உடம்பில் ஊசி குத்தக் கூடாது, கத்தி படக் கூடாது, டொக்டர் பார்க்கக் கூடாது. வேப்பிலை போட்டுத் தண்ணீர் வார்த்து அவளை வழியனுப்பும்வரை காத்திருக்க வேண்டும்.

"உடம்பிலை ஒரு கொப்புளமும் இல்லையே" என்று அம்மா ஐயாவிடம் கூறியதை நான் கேட்டேன். "கண்ணிலை மட்டும் வருவாவோ? இஞ்சருங்கோ, ஒருக்கால் டொக்டரிட்டைக் காட்டுவம்."

ஐயா தயங்கினார். அவர் தயங்கினார் என்பதை நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அவர் படித்தவர். கணிதத்தில் ஒரு படி தவறினாலும் பொறுக்காதவர்.

மாமி வாசலில் நின்று சொன்னார். "தம்பி, யோசிச்சுச் செய். கோயில் தலைவற்றை வீட்டிலை அம்மாள் வந்த பிள்ளைக்கு ஊசி போட்டதாம் எண்டு சனம் கதைச்சா, எந்த முகத்தோடை நீ பொங்கலுக்குப் போய் முன்னுக்கு நிப்பாய்? பிறகு ஊரிலை விழுகிற ஒவ்வொரு குண்டுக்கும் உன்னைத்தான் சொல்லுவாங்கள்."

"தண்ணி வாக்கும் வரைக்கும் ஒருத்தரும் படலை திறக்கக் கூடாது" என்றார் ஐயா. பூட்டைப் போட்டுத் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

கோடியறையில் கிடந்த அந்த நாட்களை நான் எளிதாகச் சொல்லிவிட முடியாது. கண்ணுக்குப் பின்னாலிருந்து யாரோ பெருவிரலால் வெளியே தள்ளுவதைப் போலிருந்தது. விரலால் இமையைப் பிரித்தால், விழி முன்னுக்குப் பிதுங்கி நிற்பது என் கைக்கே தெரிந்தது. அதை அசைத்து வாசற்பக்கம் பார்க்க முயன்றால் மண்டைக்குள் கம்பி இழுத்தது. இழுத்தாலும் பார்த்தேன். வாசலில் இரண்டு அம்மாக்கள் நின்றார்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தபோது அம்மா ஒருவரானார். அவருடைய குங்குமப் பொட்டு காய்ந்த மண் நிறமாகத் தெரிந்தது.

"அம்மா, பொட்டு ஏன் வெளிறிப்போச்சு?" என்று கேட்டேன்.

அம்மா புடைவைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

இனி என் மாமாவைச் சொல்ல வேண்டும். அவர் அம்மாவின் தம்பி. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு லொறி ஓட்டியவர். சண்டையால் தொழிலும் வீடும் போய், அச்சுவேலியில் யாரோ ஒருவருடைய புகையிலைக் கொட்டிலில் படுத்துக்கொண்டிருந்தார். குடிக்கிறவனை வீட்டுக்குள் எடுக்க மாட்டேன் என்று ஐயா சொல்லியிருந்தார். அவருடைய தண்ணீர் இறைக்கும் மிசினை மட்டும் எங்கள் கொட்டிலில் வைக்க அனுமதித்தார். மாமாவை நல்லவராக்கிக் காட்டுவது என் நோக்கமன்று. அவர் குடித்தார். குடிக்காத வேளையிலும் கைநீட்டினார். சந்தையில் ஒரு மனிதரின் முன்பல்லை உடைத்தவர். கல்யாண வீடொன்றில் பந்திக் கதிரையால் மாப்பிள்ளையின் பெரியப்பாவை அடித்தவர். கண்நோய் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அன்று அவர் வந்தது மிசினை எடுத்துக்கொண்டு போகத்தான்.

"அத்தான்! படலையைத் திறவுங்கோ. மிசின் எடுக்க வந்தனான்."

"அம்மாள் வந்த வீடு. குடிவெறியோடை உள்ளுக்கை வராதை. பேந்து வா" என்றார் ஐயா.

"அம்மாள் ஆருக்கு வந்தது, மிசினுக்கோ?"

"வாயை அடக்கிக் கதை."

"திறக்கிறியளோ, இல்லாட்டி நான் திறக்கவோ?"

அப்போது அம்மா கத்தினார். என் வாழ்நாளில் அதுவரை அம்மாவின் குரல் முற்றத்தைத் தாண்டிக் கேட்டதில்லை.

"தம்பி! பிள்ளையின்ரை கண்ணை வந்து பாரடா!"

படலை ஒரே உதையில் வந்தது. மாமா கோடியறைக்குள் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். கள்ளு மணமும் மண்ணெண்ணெய் மணமும் வந்தன.

"இதென்னக்கா, தவளைக் கண் மாதிரிக் கிடக்கு! ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டு போகேல்லை?"

"அவர் விடேல்லையடா."

மாமா நிமிர்ந்தார். ஐயா வாசலில் இரு கைகளையும் விரித்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னைப் படலைக்கு வெளியிலை விட்டியள், சரி. நான் குடிகாரன். பெத்த பிள்ளையை ஏன் பூட்டி வைச்சிருக்கிறியள், அத்தான்?"

"இவளைத் தொட்டியோ, இந்த வாசல் பிறகு மிதிக்க ஏலாது உனக்கு."

"இப்பவும் மிதிக்க விடேல்லைத்தானே."

என்று சொல்லி மாமா அடித்தார். முட்டியை மடக்கி, ஐயாவின் இடது கண்ணில் அடித்தார். மூக்குக்கண்ணாடி நொறுங்கிய ஓசை முதலிலும் எலும்பின் ஓசை பின்னரும் எனக்குக் கேட்டன. ஐயா சுவரில் மோதிச் சரிந்தார். மாமி வேப்பங்குழையைப் பிடுங்கி மாமாவின் முதுகில் விளாசினார்.

"என்ரை தம்பியிலை கைவைச்சிட்டியே! நாசமாய்ப் போவாய்!"

"அடியுங்கோ மச்சாள், இது மருந்துதானே" என்று சொல்லிக்கொண்டே மாமா என்னை வெள்ளைத் துணியோடு அள்ளித் தோளில் போட்டார். ஐயா எழுந்து அவருடைய தலைமயிரைப் பற்றினார். மாமா திரும்பாமலே குதிகாலால் உதைத்தார். ஐயா மறுபடி விழுந்தார். இவ்வளவும் நடக்கையில் மாமாவின் ஒரு கை, சட்டிக்கு மூடி போட்டதைப் போல என் வலது கண்ணின்மேல் கவிந்திருந்தது. அந்தக் கண்ணில் ஒரு தூசியும் படவில்லை.

சைக்கிள் பாரில் நான். பின்கரியரில் அம்மா. ஒழுங்கை தாண்டித் தோட்டவெளிக்கு வந்தபோது ஹெலிகொப்டர் சுட்டுக்கொண்டே வந்தது. மாமா சைக்கிளை எறிந்துவிட்டு எங்களைப் புகையிலைத் தோட்டத்து வாய்க்காலுக்குள் தள்ளி என்மேல் விழுந்து படுத்தார். மேலே இலைகள் துண்டு துண்டாகப் பறந்தன. தெருவில் மரவள்ளி ஏற்றிவந்த வண்டிலின் மாடு விழுந்தது. வண்டிற்காரர் நுகத்தடியில் மடிந்து தொங்கினார். மாமா ஐயாவையும் ஹெலியையும் மாறி மாறித் தூஷணத்தால் ஏசிக்கொண்டிருந்தார். அந்தச் சொற்களை நான் இங்கே எழுத மாட்டேன். அவருடைய நெஞ்சு என் காதில் இடித்தது. ஹெலி போனபின் எழுந்து, சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு, வண்டிற்காரரின் கண்களை மூடிவிட்டு வந்து சைக்கிளைத் தூக்கினார்.

ஆஸ்பத்திரி அப்போது தன் பழைய இடத்தில் இல்லை. வாட்டுகள் வேறு கட்டிடங்களுக்கு மாறியிருந்தன. நிலமெங்கும் காயப்பட்டவர்கள் கிடந்தார்கள். இரத்தத்தில் சறுக்காமல் இருக்க மரத்தூள் தூவியிருந்தார்கள். அந்த மரத்தூளும் சிவந்திருந்தது. கண் டொக்டர் ஒரு மேசைமேல் என்னை இருத்தி, இரு விரலால் இமையைப் பிரித்தார்.

"மேலை பார், பிள்ளை. நோகுதோ? இந்தப் பக்கம்?"

நோவில் நான் அவருடைய கையைக் கடித்துவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. மருந்துப் போத்தல் ஒன்றின் சிவப்பு மூடியை எடுத்து ஒவ்வொரு கண்ணுக்கும் காட்டினார்.

"எந்தக் கண்ணுக்கு நல்ல சிவப்பு?"

"இடதுக்கு. மற்றக் கண்ணுக்கு மண்."

டொக்டர் மூடியை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "ஆர் இதைப் பிதுக்கினது?"

"என்ரை மச்சாள். பிறகு அம்மாள் வருத்தம் எண்டு சொல்லி..."

"அம்மாளும் இல்லை, ஆச்சியும் இல்லை. கிருமி இமையிலையிருந்து கண்குழிக்குள்ளை இறங்கிட்டுது. விழிக்குப் பின்னாலை சீழ் கட்டி நிக்குது. கண் நரம்பை நெரிக்குது. அதுதான் சிவப்பு மங்கிறது. இப்பவே வெட்டி விடவேணும். பிந்தினாக் கண் போகும். அங்கையிருந்து மூளைக்கும் போகும்."

"வெட்டுங்கோ" என்றார் அம்மா.

"மயக்கம் குடுக்கிற டொக்டர் வயித்துக் காயக்காரரோடை நிக்கிறார். இண்டைக்கு முழுக்க வரமாட்டார். விறைக்கிற ஊசி மட்டும் போடலாம். சீழ் பிடிச்ச இடத்திலை அது வடிவாய் விறைக்காது. தலை அசைஞ்சால் கத்தி விழியிலை போகும். பிடிக்கிறதுக்குப் பலமான ஆள் வேணும்."

"நான் பிடிக்கிறன்" என்றார் மாமா.

"வெறியே?"

"இருந்தது. ஹெலியோடை போட்டுது."

ஒரு தாதி கால்களில் ஏறி இருந்தார். அம்மா கைகளைப் பிடித்தார். மாமா என் தலையைத் தம் இரண்டு முழங்கைகளுக்கும் இடையில் வைத்து நெரித்தார். லொறியின் சுக்கானைப் பிடித்துத் தடித்த கைகள். புருவத்துக்குக் கீழே முதலில் ஊசி, பின்னர் கத்தி. அதன்பின் மழுங்கிய ஆயுதம் ஒன்று எலும்பை உரசிக்கொண்டு உள்ளே, இன்னும் உள்ளே போயிற்று. தலைக்குள் இவ்வளவு இடம் இருக்கிறதா என்று நான் எண்ணியது நினைவிருக்கிறது. நான் மாமாவுக்குத் தெரிந்த தூஷணங்களை அவருக்கே திருப்பிச் சொன்னேன். வாய்க்காலில் கற்றவை. "சொல்லு பிள்ளை, சொல்லு, இன்னும் சொல்லு" என்றார் அவர். அவருடைய கண்ணீர் என் நெற்றியில் விழுந்தது. கை மட்டும் ஒரு மயிரிழை நெகிழவில்லை. பிறகு ஏதோ உடைந்தது. சூடாகக் காதுவரை வழிந்தது. அழுகிய மீன் மணம் எழுந்தது.

"வந்திட்டுது" என்றார் டொக்டர்.

கையுறையில் ஒரு சிறு கீற்றை வெட்டி, மிச்சச் சீழ் வடிய வெட்டுவாயில் வைத்துக் கட்டினார்கள். பெனிசிலின் ஊசி முறைக்கு முறை நரம்பில் ஏறியது. கண் தப்புமா என்பதைக் கட்டு அவிழ்க்கும்போதுதான் சொல்ல முடியும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மாமா ஆஸ்பத்திரி முற்றத்து வேப்பமரத்தின் கீழே படுத்துக்கொண்டு, காலையும் மாலையும் சன்னலடியில் வந்து நின்று, "சிவப்புத் தெரியுதோ?" என்று கேட்டுவிட்டுப் போவார். கட்டோடு இருப்பவளுக்கு எந்தச் சிவப்புத் தெரியும்? அவருக்குக் கேட்கத் தெரிந்தது அவ்வளவுதான்.

காய்ச்சல் விட்ட அன்று ஐயா வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு, பழைய கண்ணாடி. இடது கண் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி மூடியிருந்தது. ஒரு கட்டிலுக்கு ஒருவராக வாட்டு முழுவதும் அவரைப் பார்த்தது. அங்கே கையில் காயப்பட்ட போராளி ஒருவன் கிடந்தான். அவனைப் பார்க்க வந்த இருவர் துவக்குகளோடு நின்றார்கள். காயப்பட்டவன் ஐயாவின் பழைய மாணவன்.

"சேர்! கண்ணுக்கு என்ன நடந்தது?"

அம்மா சுடுதண்ணீர் எடுக்கப் போயிருந்தார். ஐயா என்னைப் பார்த்தார். தம் கண்ணைத் தொட்டார். வாட்டைப் பார்த்தார்.

"இவளின்ரை மாமன். வெறியிலை வந்து பிள்ளைக்குக் கண்ணிலை அடிச்சிட்டான். மறிக்கப் போனன். எனக்கும் விழுந்தது."

கணித ஆசிரியருக்கேற்ற விடை அது. வீங்கிய இரண்டு கண்களுக்கும் ஒரே வரியில் விளக்கம் கிடைத்தது. பூட்டிய படலையும் பிதுக்கிய நகமும் அதற்குள் வரவில்லை. மைத்துனனிடம் வாசலில் அடிவாங்கி விழுந்த உப அதிபரும் வரவில்லை. அவர் யாருக்கும் தீங்கு நினைத்துச் சொன்னார் என்று நான் கருதவில்லை. வாட்டு முழுவதும் தம்மைப் பார்க்கையில் நிமிர்ந்து நிற்க அவருக்கு ஒரு வசனம் வேண்டியிருந்தது.

"ஆள் எங்கை, சேர்?" என்றான் துவக்கு வைத்திருந்தவர்களில் ஒருவன்.

"கீழை மரத்தடியிலை ஒருத்தன் படுத்திருக்கிறான், அவன்தான்" என்றது ஏதோவொரு கட்டில்.

"அதை நாங்கள் பாக்கிறம், சேர்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். "மாமா என்னை அடிக்கேல்லை. மாமா அடிச்சது ஐயாவைத்தான்."

வாட்டின் மூலையில், கால் எடுக்கப்பட்ட ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். ஐயாவின் முகத்தில் வீங்காத பகுதியும் சிவந்தது. அவர் வந்து என் நெற்றியில் கைவைத்தார்.

"காய்ச்சல். பிதற்றுறாள்" என்றார்.

என் நெற்றி குளிர்ந்திருந்தது. அது அவருடைய உள்ளங்கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆயினும் கையை எடுக்காமல் வைத்திருந்தார். கீழே மாமாவின் குரல் கேட்டது.

"நானோ? பிள்ளைக்கோ? ஆர் சொன்னது? அத்தான்! அங்கை நிக்கிறியள்தானே, சொல்லுங்கோ இவங்களுக்கு!"

துவக்கின் சோங்குக் கட்டை எலும்பில் விழும் ஓசை சன்னல்வழியாக வந்தது. ஒன்று. சற்றுப் பொறுத்து இன்னொன்று. பின்னர் மாமா கத்தவில்லை. ஐயா சன்னலோரம் போகவில்லை. சேட்டின் கைமடிப்பைச் சரிசெய்தார். சுடுதண்ணீர்ப் போத்தலோடு திரும்பிய அம்மா முற்றத்தில் ஓடுவதை நான் ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். அவர்கள் அம்மாவிடம் மரியாதையாகத்தான் சொன்னார்களாம். "பங்கர் வெட்ட ஆள் காணாது, அம்மா. கொஞ்ச நாள் மண் அள்ளட்டும். வெறி முறிஞ்சாப்போலை விடுவம்."

கட்டு அவிழ்த்த நாளில் டொக்டர் அதே போத்தல் மூடியைக் காட்டினார். இரண்டு கண்ணிலும் ஒரே சிவப்பு. அம்மா தரையில் விழுந்து அவருடைய காலைத் தொட்டார். எழுந்ததும் கேட்டது கண்ணைப் பற்றியன்று.

"டொக்டர், இது அடிபட்ட கண்ணோ?"

"இல்லை. அழுக்கு நகம் பட்டு, வைத்தியம் பிந்தின கண். ஆர் கேட்டாலும் நான் சொல்லுவன்."

அவர் சொல்லவும் செய்தார். ஆனால் பெற்ற தகப்பனே வேறுவிதமாகச் சொல்லியிருக்கையில், அம்மாவின் பேச்சும் டொக்டரின் பேச்சும் தம்பியைக் காக்க ஒரு பெண் செய்யும் முயற்சியாகவே எடுபட்டன. "சேர் வந்து ஒரு சொல் சொன்னால் விடுறம்" என்றார்கள். அம்மா ஒவ்வொரு நாளும் ஐயாவிடம் அதைக் கேட்டார். ஐயா ஒவ்வொரு நாளும் "நாளைக்குப் போறன்" என்றார். அந்த நாட்களில்தான் நீங்கள் சிலர் மோல்ற் பால்மா டின்னோடு என்னைப் பார்க்க வந்தீர்கள். "மாமாவோ அடிச்சவர்?" என்று கேட்டீர்கள். இல்லையென்றேன். நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பாவம், பயந்துபோயிருக்கிறாள் என்ற முகத்தோடு விடைபெற்றீர்கள்.

கோட்டைப் பக்கம் பங்கர் வெட்டிக்கொண்டிருந்தவர்கள்மேல் ஷெல் விழுந்தது. மாமாவை ஆணியடித்த பெட்டியில் கொண்டுவந்தார்கள். திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா பிரேதத்தை எங்கள் வீட்டு விறாந்தையிலேயே வைத்தார். உதைபட்டுச் சாய்ந்திருந்த படலையை யாரோ கழற்றிச் சுவரோடு சாத்தினார்கள். ஊர் வந்தது. கோயில் சபையார் வந்தார்கள். சனத்தின் முகத்தில் துக்கத்தைவிட வேறொன்று இருந்தது. பிள்ளையைக் கண்ணில் அடித்த குடிகாரனின் செத்தவீட்டுக்கு மரியாதைக்காக வந்தவர்கள் அவர்கள். தம்மை அடித்தவனுக்கும் தம் வீட்டில் இடம் கொடுத்த ஐயாவின் பெருந்தன்மையை எண்ணி, அவரை வணங்கி நின்றார்கள்.

ஐயா மாலையோடு வந்தார். அம்மா பெட்டியருகிலிருந்து எழுந்தார். ஒப்பாரி நின்றது.

"இஞ்சருங்கோ. என்ரை தம்பி என்ரை பிள்ளைக்கு அடிச்சவனோ?"

"சனம் நிக்குது. பிறகு கதைப்பம்."

"சனம் நிக்கேக்கைதானே சொன்னனீங்கள். இப்பவும் சனம் நிக்கேக்கை சொல்லுங்கோ."

ஐயா மாலையைப் பெட்டியில் சாத்தக் குனிந்தார். அம்மா அடித்தார். திறந்த கையால் அன்று. முட்டியை மடக்கித்தான் அடித்தார். கண்ணாடி தெறித்துச் சனத்தின் கால்களுக்குள் போயிற்று. ஒருவரும் அதை எடுக்கக் குனியவில்லை. மாமி "விசர், விசர் பிடிச்சிட்டுது இவளுக்கு!" என்று தலையிலடித்தார். அம்மா மறுபடியும் அடித்தார். இரண்டு பேர் பிடித்து இழுக்கும்வரை அடித்தார். ஐயா தடுக்கவில்லை. அவருடைய வாயிலிருந்து இரத்தம் வெள்ளைச் சேட்டில் வடிந்தது.

பிறகு நிமிர்ந்தார். கண்ணாடியில்லாமல் ஒருவரையும் சரியாக அடையாளம் காணாமல், சனத்தைப் பார்த்துச் சொன்னார். "துக்கத்திலை செய்யிறா. ஒருத்தரும் பெரிசாய் எடுக்காதேங்கோ."

சனமும் அப்படியே எடுத்துக்கொண்டது. அம்மா அதன்பின் ஐயா இறக்கும்வரை அவருக்குச் சமைத்தார், உடுப்புத் தோய்த்து மடித்து வைத்தார். ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஐயாவின் செத்தவீட்டில் உரையாற்றிய பழைய மாணவர், மகளின் கண்ணைக் காக்கத் தம் கண்ணில் அடிவாங்கிய தகப்பன் என்று அவரைப் போற்றினார். நான் எழுந்து, நடந்தது அதுவன்று என்றேன். அதையும் துக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே இப்போது, துக்கமும் காய்ச்சலும் இல்லாத ஒரு காலைநேரத்தில், தெளிந்த அறிவோடு இதை எழுதுகிறேன். என் கண்ணை மாமா காப்பாற்றினார் என்றுகூட நீங்கள் சொல்ல வேண்டாம். காப்பாற்றியவர் டொக்டர். மாமா ஐயாவை அடித்தார் என்று மட்டும் சொல்லுங்கள். அப்படிச் சொல்வதால் எங்கள் வீட்டின் பெயர் கெடுமென்றால், கெடட்டும்.